ஒத்தக்கடையிலிருந்து சமயநல்லூருக்கு: எறங்காத வண்டியின் முதல் ஓட்டம்

அடி மொச்சை, இதை நீ இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் பாதி தப்பு என்று நீ சண்டைக்கு வந்திருப்பாய், அந்தச் சண்டையில் மீதிப் பாதியாவது சரியாக வந்திருக்கும். இப்போது சண்டைக்கு ஆள் இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிற மாதிரிதான் எழுத முடியும்.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மொச்சை என்றால் என் தங்கை செல்வராணி. பிறந்தபோது ஊறவைத்த மொச்சைக்கொட்டை மாதிரி உப்பி வெளுத்து இருந்தாள், அந்தப் பெயரே நின்றுவிட்டது. போன தை மாதம் தவறிவிட்டாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். என் மருமகள்தான் போனில் இந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்து, "அத்தை, நீங்க போற ஊரையெல்லாம் எழுதுங்க, போறவங்களுக்கு ஒதவும்" என்றாள். பழனி, குற்றாலம், ராமேஸ்வரம் எழுதியாயிற்று. இப்போது எங்கள் ஒத்தக்கடை ரோட்டில் மெட்ரோ ரயிலுக்கு அளக்கிறார்கள். வரும் என்கிறார்கள், வராது என்கிறார்கள். அதைப் பார்த்து ஒருவர் கேட்டிருந்தார்: முன்னே எப்போதாவது ஒத்தக்கடையிலிருந்து ஊரின் மறுகோடிக்கு வண்டி மாறாமல் போக முடிந்ததா என்று. முடிந்தது. அது முதல் நாள் ஓடியபோது நான் உள்ளே இருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் கல்யாணமாகி ஒத்தக்கடைக்கு வந்து ஆறு வருஷம், மொச்சையைச் சமயநல்லூரில் கொடுத்து ஒரு வருஷம். மதுரையை நடுவில் வைத்து நான் கிழக்குக் கோடி, அவள் மேற்குக் கோடி. அன்றைக்கு டவுன் பஸ் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பெரிய பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றுவிடும். அங்கே இறங்கி, கூட்டத்தை நீந்தி, சமயநல்லூர் வண்டி எந்த மூலையில் நிற்கிறது என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

அதற்கு என் மாமியார் ஒப்பவில்லை. "ஒரே வண்டின்னா போயிட்டு வா, நான் ஒண்ணும் சொல்லல. பஸ் ஸ்டாண்டுல எறங்கி மாறுற சோலி மட்டும் வேணாம். அங்க ஆம்பளையே தொலைஞ்சு போறான்" என்பார். அவர் சொன்ன ஆம்பளை என் மாமனார். ஒருமுறை அங்கே மேலூர் வண்டிக்கு மாறப் போனவர் திருமங்கலத்தில் இறங்கினார். என் வீட்டுக்காரருக்கு மில்லில் ஞாயிறு ஒருநாள் லீவு, அந்த ஞாயிறு முழுக்கத் தூக்கம். ஆக, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் அவர் கூட்டிப்போனால்தான் தங்கச்சி முகம். மொச்சைக்கு நாலு வயதாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தது நான். ஒரு வருஷத்தில் மூன்றே மூன்று தடவை பார்த்தேன். மூன்றாம் தடவை அவள் தலையைத் தொட்டுப் பார்த்தால், பின்னல் கோணல்.

இந்த நேரத்தில்தான் புது லைன் பேச்சு வந்தது. ஒத்தக்கடையில் ஏறினால் கோரிப்பாளையம், பெரிய பஸ் ஸ்டாண்ட், அங்கே படுக்காமல் அப்படியே பழங்காநத்தம், பைபாஸ் ரோடு, காளவாசல், விளாங்குடி, பரவை, சமயநல்லூர். எங்கள் தெருவில் குடியிருந்த கண்டக்டர் காசி அண்ணன்தான் முதலில் சொன்னார். கூடவே ஒரு கண்டிஷனும் சொன்னார். ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ட்ரையல் ஓட்டுவார்கள். டைம்கீப்பர் ஒருவர் கடிகாரத்தோடு கூட வருவார். எல்லா ஸ்டாப்பிலும் நிற்க வேண்டும், மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் லைன் உண்டு. ஒரு நிமிஷம் கூடினாலும் லைனை நடுவில் வெட்டி, வழக்கம்போலப் பெரிய பஸ் ஸ்டாண்டோடு இரண்டு துண்டாக்கிவிடுவார்கள்.

"ஒன்றரை மணி தாராளம்த்தா" என்றார் காசி அண்ணன். "சும்மா உருட்டிக்கிட்டுப் போனாலே ஒண்ணேகால்ல போயிரும்."

காசி அண்ணன் கணக்கில் விட்டது எங்கள் சனங்களை. ஊர் ஊராகச் செய்தி போனபோது "புது வண்டி வருது" என்பது மட்டும் போயிற்று, "ஒன்றரை மணி" என்பது போகவில்லை. நம் பக்கம் ஊருக்கு முதல் வண்டி வந்தால் அது மாப்பிள்ளை மாதிரி. மாலை போடாமல், தேங்காய் உடைக்காமல், டிரைவருக்குத் துண்டு போர்த்தாமல் விட்டால் அந்த ஊருக்கு மரியாதை இல்லை. பக்கத்து ஊர் போட்டதை விடச் சின்ன மாலை போட்டால் அதைவிட மரியாதை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு நான் ஸ்டாப்பில் நின்றேன். மாமியாரிடம், வண்டியோடு போய் அதே வண்டியில் திரும்பி வருவேன் என்று சொல்லியிருந்தேன். "எறங்கக் கூடாது, பாத்துக்க" என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினார். வண்டி கழுவித் துடைத்து வந்தது. டிரைவர் முத்தையா அண்ணன் நல்ல கனத்த ஆள், நெற்றி நிறைய விபூதி. டைம்கீப்பர் ஒல்லி. மடியில் அட்டை, கையில் கடிகாரம், முன்சீட்டில் உட்கார்ந்தார். சரியாக எட்டு மணிக்குக் கடிகாரத்தை அமுக்கினார்.

அப்போது வண்டிக்கு முன்னால் பஞ்சாயத்துக்காரர் பேச ஆரம்பித்திருந்தார். ஒத்தக்கடைக்கு ரோடு வந்த கதையிலிருந்து தொடங்கினார். பேச்சு முடிந்து தேங்காய். தேங்காய் முடிந்து நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம், ஒரு பழம் உருண்டு சாக்கடைக்குள் போய், இன்னொன்று வாங்கக் கடைக்கு ஆள் ஓடி. பிறகு மாலை. அந்த மாலையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். லைன் வந்தால் வண்டிக்கு மாலை போடுகிறேன் என்று வேண்டியிருந்தேன், அது லைன் வந்த பிறகு போட வேண்டியது என்பது அன்றைக்கு மண்டையில் ஏறவில்லை. வண்டியின் முன்கண்ணாடிக்குக் குறுக்கே கட்ட மூன்று நிமிஷம் ஆயிற்று. வண்டி நகரும்போது எட்டு பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டில் மூன்று என்னுடையது.

டிக்கெட் கடைசி வரைக்கும் ஒரு ரூபாய் பத்துக் காசு. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்த காசி அண்ணன் டைம்கீப்பரிடம் குனிந்து, "சார், நின்ன நேரத்தைக் கழிச்சிருவீகள்ல" என்றார்.

"நிக்கிற நேரமும் ஓடுற நேரம்தான்பா" என்றார் அவர். தலையை நிமிர்த்தவில்லை.

அப்போதுதான் நான் தொண்ணூறில் பன்னிரண்டைக் கழித்துப் பார்த்தேன்.

நாலு கிலோமீட்டரில் உத்தங்குடி. எட்டு பத்தொன்பதுக்குப் போனோம். ரோட்டின் குறுக்கே நாதஸ்வரம், தவில், பின்னால் ஒரு ஊரே. எங்கள் மாலையைப் பார்த்ததும் அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. எங்களுடையது செவந்தி, அவர்களுடையது ரோசா. ஆனாலும் எங்களுடையது நீளம். உடனே இரண்டு மாலையை முடிச்சுப்போட்டு ஒன்றாக்கினார்கள். பிறகு துண்டு. முத்தையா அண்ணனுக்கு ஊரில் தலைக்கட்டுக்கு ஒன்று, அதாவது குடும்பத்துக்கு ஒரு துண்டு. வேண்டாம் என்றால் மனம் நோகும் என்று அவரும் கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்தார். பதினோராவது துண்டில் அவர் தலை துண்டுக்குள் மறைந்துவிட்டது. வண்டியை எடுத்தவர் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்ப முடியாமல், "காசி, கைய அசைக்க முடியலடா, உருவுடா" என்றார். காசி அண்ணன் பின்னால் நின்று ஒவ்வொன்றாக உருவினார். கண்ணாடியில் ரோசா, கழுத்தில் துண்டு, ஒரு மனுஷன் எதைப் பார்த்து ஓட்டுவான். ஒரு பெண்பிள்ளையின் ஊசியை வாங்கி, நானே ஜன்னல் வழியாகக் கையை விட்டு, நானே கட்டிய மாலையின் நாரை அறுத்தேன். எட்டு இருபத்தைந்து.

அங்கிருந்து கோரிப்பாளையம் ஆறு கிலோமீட்டர். அன்றைக்கு அந்த வழியெல்லாம் வயல், வாத்து, ஒன்றிரண்டு செங்கல் சூளை. பஸ்ஸில் எங்கள் ஊர்ப் பெண்கள் பதினைந்து இருபது பேர் இருந்தோம். நான் எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னேன். ஒன்றரை மணி, ஒரு நிமிஷம் கூடினால் வெட்டு, இப்போதே பதினெட்டு நிமிஷம் மாலை மரியாதைக்குப் போய்விட்டது.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னடி" என்றாள் பால்காரப் பாக்கியம்.

"மொதல்ல மால கட்டிக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

கோரிப்பாளையம் ஸ்டாப்பில் டீக்கடை பாய் ரோஸ்மில்க் கலக்கித் தட்டு நிறைய கிளாஸோடு நின்றார். டிரைவரும் வண்டியில் இருக்கிற எல்லாரும் இறங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"பாய், நேரமில்ல பாய், கடிகாரம் ஓடுது" என்று நான் படியில் நின்று கெஞ்சினேன்.

"நேரம் ஓடுனா ஓடட்டும்மா. இது ஐஸ் கரைஞ்சிரும்ல" என்றார்.

பாக்கியம்தான் புத்திசாலி. தட்டோடு வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்துவிட்டது. "கிளாஸ் கிளாஸ்" என்று பாய் பத்தடி ஓடிவந்தார். "திரும்பி வாரப்பத் தாரோம்" என்று அவள் ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னாள். வைகைப் பாலம் தாண்டும்போது வண்டி முழுக்க ரோஸ்மில்க் குடித்தது. டைம்கீப்பருக்கும் ஒன்று கொடுத்தோம். குடித்தார், வாயைத் துடைத்தார், எட்டு நாற்பத்தொன்று என்று அட்டையில் எழுதினார்.

எட்டு நாற்பத்தொன்பதுக்குப் பெரிய பஸ் ஸ்டாண்ட். இங்கே மாலை போட ஆள் கிடையாது, தப்பித்தோம் என்று நினைத்தேன். வண்டி நின்றது. நின்றதும் எல்லாரும் எழுந்து இறங்கிவிட்டோம்.

இதைச் சொன்னால் இன்றைக்குப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஆனால் பிறந்ததிலிருந்து அந்த ஸ்டாண்டில் வண்டி நின்றால் இறங்க வேண்டும் என்பதுதான் பழக்கம். யாரும் யோசிக்கவில்லை. கால் தானாக இறங்கியது. சமயநல்லூர் வரை டிக்கெட் எடுத்தவர்கள், பழங்காநத்தத்துக்கு எடுத்தவர்கள், பையைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையை இடுக்கிக்கொண்டு, வரிசையாக இறங்கி நாலா பக்கமும் நடந்தோம். நான் நேராகப் பழைய சமயநல்லூர் வண்டி நிற்கும் மூலையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் வாசலில் நின்று மாமியார் சொன்ன ஒரே ஒரு வார்த்தை, அதுவும் நினைப்பில் இல்லை.

காசி அண்ணன் காலி வண்டியின் படியில் நின்று நெஞ்சு வெடிக்கக் கத்தினார். "யோவ், எறங்காதீங்கய்யா. எங்க போறீக? இது நிக்காது. இதே வண்டிதான். எறங்காத, எறங்காத, ஏறு."

இறங்கினவர்கள் பாதிப் பேர் அந்த இரைச்சலில் அதை அரைகுறையாகக் கேட்டு, இது சமயநல்லூர் போகாதாம் என்று புரிந்துகொண்டு இன்னும் வேகமாக நடந்தார்கள். புதிதாக ஏற வந்தவர்கள், "கடைசி ஸ்டாப்புல போயி எவன் ஏறுவான்" என்று விலகி நின்றார்கள். ஒரு பெரியவர் டிரைவரிடம் போய், "ஏம்ப்பா, வந்த வண்டி எப்படிப்பா போற வண்டியாகும்" என்று நியாயம் கேட்டார். முத்தையா அண்ணன், "ஏறுனா தெரியும் மாமா" என்றார்.

பாக்கியம் என் முந்தானையைப் பிடித்து இழுத்து ஏற்றினாள். பிறகு நானும் அவளும் மறுபடி இறங்கி ஆளுக்கு ஒரு பக்கம் ஓடி, தெரிந்த முகத்தையெல்லாம் கையைப் பிடித்துக் கொண்டுவந்தோம். கடைசியாக ஒருவரை இழுத்துவந்தேன். அவர் எங்கள் வண்டி ஆளே இல்லை, நத்தம் போக வந்தவர். அவரை இறக்கிவிட்டுப் புறப்பட்டபோது எட்டு ஐம்பத்தேழு. எட்டு நிமிஷம். ஒரு மாலையும் இல்லை, துண்டும் இல்லை, வெறும் கால் பழக்கத்துக்கு எட்டு நிமிஷம்.

பழங்காநத்தம் மூன்று கிலோமீட்டர். மார்க்கெட் கூட்டத்தில் ஊர்ந்து ஒன்பது ஆறுக்குச் சேர்ந்தோம். அங்கே இளவட்டங்கள் வாழைமரம் கட்டித் தோரண வளைவு வைத்திருந்தார்கள். அழகான வளைவு. மாட்டுவண்டிக்கு அளவெடுத்துக் கட்டியது. பஸ் உள்ளே போகாது.

"மாப்ள, அறுடா" என்றார் காசி அண்ணன்.

"ராவெல்லாம் கட்டுனது மாப்ள. சுத்திப் போகச் சொல்லு" என்றான் ஒருவன்.

"சுத்திப் போறதுக்கு இது என்ன தேரா" என்று முத்தையா அண்ணன் எட்டிப் பார்த்தார். பாக்கியம் அந்த ஆளிடம், உன் தங்கச்சியை எங்கே கொடுத்திருக்கிறது என்று கேட்டாள். பரவையில் என்றான். "இந்த வண்டி போகலன்னா ஒங்க ஆத்தா பரவைக்கு ரெண்டு வண்டி மாறணும். அறுக்கிறியா, மாறச் சொல்றியா?" அவன் அரிவாளை எடுத்தான். நடுவாழை சாய்ந்து வண்டியின் கூரையில் விழுந்தது, குலையோடு. இறக்க நேரமில்லை. ஒன்பது ஒன்பதுக்கு வாழைக்குலையோடு புறப்பட்டோம்.

மிச்சம் இருபத்தொரு நிமிஷம். மிச்சம் பன்னிரண்டரை கிலோமீட்டர். நடுவில் மூன்று ஸ்டாப்.

டைம்கீப்பரிடம் நானே போனேன். "ஐயா, ஸ்டாப்புல எம்புட்டு நேரம் நின்னாச் செல்லும்?"

கொஞ்சம் யோசித்தார். "பத்து எண்ணுற நேரம்மா."

அவ்வளவுதான் எங்களுக்கு வேண்டியது. பைபாஸ் ரோட்டில் முத்தையா அண்ணன் வண்டியை விட்டார் பாருங்கள், கூரையில் வாழைக்குலை தாளம் போட்டது. காளவாசல் வந்தது. காசி அண்ணன் படியில் தொங்கிக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ண, நாங்கள் ஜன்னலுக்கு ஜன்னல் கையை நீட்டினோம். மாலையைக் கொண்டா, தேங்காயைக் கொண்டா, சந்தனத்தைக் கொண்டா, அங்கேயே நின்று கும்பிடு, பூசை உள்ளே நடக்கும். பத்து என்றதும் வண்டி போய்விட்டது. விளாங்குடியில் எறிந்த மாலை ஒன்று நேராக டைம்கீப்பர் கழுத்தில் விழுந்தது. அவர் எடுக்கவில்லை. எடுத்தால் எழுதுகிற கை நின்றுவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, கல்யாண மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்து எழுதிக்கொண்டே வந்தார். பரவையில் ஒரு கிழவனார் திருநீறு பூச முத்தையா அண்ணன் முகத்தைப் பிடித்துக்கொண்டார். எட்டு, ஒன்பது, பத்து. வண்டி நகர, அவரும் கூடவே நடந்துகொண்டு பூசி முடித்தார்.

சமயநல்லூர் எல்லை தெரிந்தபோது காசி அண்ணன் மணி கேட்டார். ஒன்பது இருபத்தேழு என்றார் டைம்கீப்பர். கடைசி ஸ்டாப் ரேஷன் கடை முன்னால். அதற்கு இன்னும் முந்நூறு அடிதான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அப்போது முச்சந்திப் பிள்ளையார் கோயில் முன்னால் ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர் நிற்கிறது. உறுமி, கொட்டு, குலவை. நடுவில் பட்டுச்சேலை கட்டி, ஆரத்தித் தட்டோடு மொச்சையின் மாமியார். ஊருக்கு முதல் வண்டி பிள்ளையாரைக் கும்பிடாமல் உள்ளே போகக் கூடாது என்று ஏற்பாடு செய்தவரே அவர்தான். ஆரத்தி மூன்று சுற்று. பக்கத்தில் கூடையில் தேங்காய் இருபத்தொன்று, வீட்டுக்கு ஒன்று, ஒவ்வொருவராக வந்து உடைப்பதற்கு. கால் மணி நேரத்துக்குக் குறையாது. அவருக்கு அந்த ஊரில் பெரிய மரியாதை. அவர் நிற்கிற இடத்தில் குறுக்கே நடக்கக்கூட யோசிப்பார்கள்.

அவருக்குப் பக்கத்தில், கர்ப்பூரத் தட்டோடு, மொச்சை. மாமியார் வீட்டில் முதல்முதலாக ஊர் முன்னால் அவள் கையில் கொடுத்திருந்த வேலை அது. தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த மஞ்சள் சேலை கட்டியிருந்தாள்.

ஹாரன் அடித்தார் முத்தையா அண்ணன். அதை மேளத்தோடு சேர்த்துக்கொண்டு இன்னும் பலமாகக் கொட்டினார்கள். நான் படியில் நின்று, தலைமுடி அவிழ்ந்து காற்றில் பறக்க, இரண்டு கையையும் வீசிக் கத்தினேன். "ஒதுங்குடி, மொச்சை. வண்டி நிக்கக் கூடாது. ஒதுங்கச் சொல்லு." குலவைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கும்பிட்டுக்கொண்டு வருகிறேன் என்று நினைத்து நாலு பேர் என்னைத் திருப்பிக் கும்பிட்டார்கள்.

மொச்சை என்னைப் பார்த்தாள். அவள் பார்த்தது எனக்குத் தெரியும். என் வாயைப் பார்த்தாள், பிறகு வண்டியைப் பார்த்தாள், பிறகு மாமியாரைப் பார்த்தாள். கர்ப்பூரத் தட்டைப் பக்கத்தில் நின்றவள் கையில் திணித்தாள். குனிந்து, மாமியாரை இடுப்போடு சேர்த்துக் கட்டி, ஆரத்தித் தட்டோடு அப்படியே அலாக்காகத் தூக்கினாள். நாலு எட்டு நடந்து, ரோட்டோரம் கோயில் படியில் கொண்டுபோய் வைத்தாள். தட்டிலிருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை.

கொட்டு நின்றுவிட்டது. குலவை நின்றுவிட்டது. அந்த அமைதியில் அவள் குரல் மட்டும் கேட்டது. "வழிய விடுங்க. வண்டி மொதல்ல வீடு வந்து சேரட்டும், சீரு பெறகு செய்வோம்."

மாமியாருக்கே நடந்த கதியைப் பார்த்த பிறகு அந்த ஊரில் யார் ரோட்டில் நிற்பார்கள். இரண்டாகப் பிளந்தார்கள். நடுவில் வண்டி போயிற்று. நான் படியில் தொங்கியபடி அவளைத் தாண்டிப் போனேன். அவள் கையில் மாமியாரின் முந்தானைச் சரிகை சிக்கியிருந்தது.

ரேஷன் கடை முன்னால் வண்டி நின்றது. டைம்கீப்பர் கடிகாரத்தை அமுக்கினார். மாலைக்கு மேல் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "ஒன்பது இருபத்தொன்பது. ஒரு நிமிஷம் மிச்சம்" என்றார். பிறகு, "ஒரு டீ கெடைக்குமா?" என்றார்.

பத்து மணிக்கு வண்டி திரும்பியது. எனக்கு இருந்தது அரை மணி நேரம். பூசையெல்லாம் வண்டி நின்ற இடத்திலேயே நடந்தது. மொச்சையின் மாமியார் வந்து ஆரத்தி எடுத்தார், மூன்று சுற்று. மருமகள் பக்கம் மட்டும் திரும்பவே இல்லை. மொச்சைக்கு அடக்க முடியாத சிரிப்பு. நான் அவள் பின்னலை அவிழ்த்து, வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே திரும்பப் பின்னிவிட்டேன். "கனமா இருந்தாங்களாடி" என்று கேட்டேன். "ஒரு மூட நெல்லு கூட இல்லக்கா" என்றாள்.

அடுத்த மாதமே லைன் ஓட ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு ஆறு நடை. ஆனாலும் ஆறு மாதம் வரைக்கும் பெரிய பஸ் ஸ்டாண்டில் சனங்கள் இறங்கிக்கொண்டேதான் இருந்தார்கள். கண்டக்டர்கள் "எறங்காத, எறங்காத" என்று கத்திக் கத்தி, வண்டிக்கே எறங்காத வண்டி என்று பெயராகிவிட்டது. நம்பர் யாருக்கும் தெரியாது. "எறங்காத வண்டி போயிருச்சா?" என்றுதான் ஸ்டாப்பில் கேட்பார்கள். மாசத்துக்கு இரண்டு சனிக்கிழமை நான் போவேன். அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தபோது போனேன். என் மாமியாரே ஒருதரம் கூட வந்தார், பஸ் ஸ்டாண்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு சீட்டை விட்டு அசையவில்லை. பாயின் கிளாஸில் இரண்டு மட்டும் இன்னும் பாக்கியம் வீட்டில் இருக்கிறது.

இப்போது போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்த லைன் போன இடம் தெரியவில்லை, எந்த வருஷம் நின்றது என்று எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. இன்றைக்கு ஒத்தக்கடையிலிருந்து சமயநல்லூர் போக ஊருக்குள் ஒரு வண்டியாவது மாற வேண்டும். இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் போனால், பழங்காநத்தம் வழியாகச் சுற்றுகிற வண்டி கிடைத்தால், அதுவரைக்கும் வலதுபக்கச் சீட்டு, அதற்குப் பிறகு இடதுபக்கம், முகத்தில் வெயில் அடிக்காது. தண்ணீர் கொண்டுபோங்கள். பரவையில் காய்கறி விலை சகாயம், திரும்பும்போது வாங்குங்கள், போகும்போது வாங்கினால் சுமை. நாளைக்கு மெட்ரோ வந்து முதல் நாள் ஓட்டினால், மாலையோடு போகிறவர்கள் யாராக இருந்தாலும், வண்டிக்குள் இருக்கிறவர் கையில் கடிகாரம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். போட வேண்டிய மாலையை மறுநாள் போடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

அந்த வண்டியால் எனக்குக் கிடைத்தது, என் கணக்கில், எண்ணூறு சனிக்கிழமைக்கு மேல். அத்தனைக்கும் விலை கொடுத்தது அன்றைக்கு ரோட்டில் நின்ற மொச்சை. பத்து மணிக்கு என் வண்டி புறப்பட்டபோது மாமியாரும் மருமகளும் ஒருவர் பின்னால் ஒருவராக வீட்டுப்பக்கம் நடந்து போனார்கள். சந்து திரும்புகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னால் போனவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. லைன் ஓட ஆரம்பித்து முதல் சனிக்கிழமை போனபோது கேட்டேன், "அத விடுக்கா" என்றாள். அவள் மாமியார் காலமான பிறகு கேட்டேன், "இப்ப எதுக்குக்கா அது" என்றாள். போன மார்கழியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துக் கேட்டேன். சிரித்தாள், சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினதும், உன் மாமியார் உன்னை என்னடி சொன்னாங்க, மொச்சை?